இருட்டுக்குப் போகும் நுனி

ஏறுகொடிக்குத் தேங்காய்த் தும்புக் கம்பு எப்படிச் சுற்றுவது, கொடியை எங்கே கட்டுவது, எந்த மாதத்தில் எவ்வளவு நனைப்பது, இதெல்லாம் செடி நேர்சரியில் வேலை பழக வந்த உங்களுக்குத் தெரியும். தெரியாததைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்வீர்கள். நான் செடி வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்ட ஆள். மணிக்கட்டு போய்விட்டது, ஒரு முடிச்சு இறுக்கினால் இரவெல்லாம் வலிக்கிறது. ஆகவே கை செய்கிற வேலையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விசயம். இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

இந்த நேர்சரியைத் தொடங்கிய காலத்தில் மொன்ஸ்டீரா என்ற ஓட்டை இலை ஏறுகொடியை விதையிலிருந்து முளைக்கவைத்துப் பார்த்தேன். விதைத்த தட்டை யன்னலோரம் வைத்தேன். வாவிப் பக்கத்து யன்னல். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கூரை வரை ஆடும். முளைகள் அந்த வெளிச்சத்துக்குச் சாயும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவை திரும்பி வளர்ந்தன. யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இலையில்லாத மெல்லிய நுனிகளைத் தட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டி, கொட்டிலின் உள்மூலைக்கு ஊர்ந்தன. அந்த மூலையில் என் கதிரை இருந்தது. கதிரையின் பின்னால் என் கறுப்பு மழைக்கோட்டு தொங்கியது. நான் அங்கேதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன். ஒருநாள் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்டேன். அத்தனை நுனிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கதிரையையும் கோட்டையும் எதிர்மூலைக்கு மாற்றினேன். சில நாட்களில் அவையும் அந்தப் பக்கம் கிறுகிவிட்டன.

பிறகுதான் விளங்கியது. காட்டுக்குள் தரையில் முளைக்கிற ஏறுகொடிக்கு வெளிச்சத்தால் பயனில்லை. ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும். பெரிய மரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் இருட்டு அதிகம். ஆகவே அது முதலில் இருட்டைத் தேடிப் போகிறது. தொட்டுப் பிடித்த பிறகுதான் தலையைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திரும்புகிறது. பிடி கிடைத்தால் ஏற ஏற இலை அகலும், பிளக்கும், ஓட்டை விழும். பிடி கிடைக்காவிட்டால் எத்தனை வருசமானாலும் வெற்றிலை மாதிரிப் பிள்ளை இலையைத்தான் விட்டுக்கொண்டிருக்கும். முளைகள் என்னை மரமென்று நினைத்திருக்கின்றன. அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு என் முதுகில் ஓடிய குளிரை இன்றும் மறக்கவில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். கல்லடி ஊரில் ஒரு வீடு.

அந்த வீட்டுப் பூமணி அக்கா என்னிடம் ஒரு மொன்ஸ்டீரா வாங்கியிருந்தார். பிள்ளைக் கன்று. தும்புக் கம்போடு கொண்டுபோய், கூடத்து யன்னலோரம் நானே வைத்துக் கொடுத்தேன். "இலையில ஓட்டை வரும் அக்கா, பொறுத்துப் பாருங்க" என்றும் சொல்லிவைத்தேன். வரவில்லை. சந்தையில் கண்டாலும் சரி, கோயிலில் கண்டாலும் சரி, அவர் என்னை விடமாட்டார்.

"ஓட்டை இலை எண்டு வித்தாய். நானும் பாத்திட்டே இரிக்கன். ஓட்டை உன்ட வாயிலதான் இரிக்கி."

போய்ப் பார்த்தால் கம்பைக் காணவில்லை. நாங்கள் தும்பு சுற்றுவது பிளாஸ்ரிக் பைப்பில்தானே. குசினித் தண்ணி போகிற பைப் வெடித்தபோது, தும்பை உரித்துவிட்டு அதை அங்கே பொருத்திவிட்டார்களாம். கொடி தரையில் கிடந்தது. புதுக்கம்பு கொண்டுவருகிறேன் என்றேன். "உன்ட கம்பும் வேணாம், காசும் வேணாம், போ" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வீட்டுக்கு ஒரு பூட்டிய அறை உண்டு. கூடத்தின் உள்பக்கம், யன்னலிலிருந்து ஆகத் தூரமான மூலையில். மூத்த மகன் சுதனுடைய அறை. மீன்பிடித் தொழில் செய்தவன். ஒருநாள் வலையையும் கயிறையும் எடுத்து உள்ளே தொங்கவிட்டு, கதவில் ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, அவுஸ்திரேலியாவுக்கென்று கடலால் போனான். "வந்து நான்தான் துறப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அந்த வள்ளம் போய்ச் சேர்ந்ததென்றும் தகவல் இல்லை, சேரவில்லையென்றும் தகவல் இல்லை. அம்மா பூட்டில் கைவைக்கவில்லை. யாரும் வைக்கவில்லை. எங்கள் பகுதியில் அப்படிப் பூட்டுகள் உண்டு, உங்களுக்குத் தெரியும்.

வருசங்கள் போயின. கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில், காலையிலே, பூமணி அக்காவின் மகள் தர்சினி போனில் கோல் எடுத்தாள்.

"அன்ரி, இண்டைக்கு வந்து அந்தக் கொடியப் பாப்பீங்களா? பின்னேரத்துக்கு முன்னம் வரோணும்."

"என்ன அவசரம் பிள்ளை?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. எங்கள் வழக்கப்படி அந்த வீடு அவளுக்குச் சீதனம்; தாய், அதே வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போவார். சில நாளுக்கு முன் மாப்பிள்ளையின் பெரியம்மா செங்கலடியிலிருந்து வீடு பார்க்க வந்திருக்கிறார். பின்னேரக் காற்று எழும்பிய நேரம். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். மெதுவாக, விட்டுவிட்டு. பெரியம்மா "உள்ளுக்கு ஆரு?" என்று கேட்க, பூமணி அக்கா "ஒருத்தரும் இல்ல" என்றிருக்கிறார். மறுபடி தட்டியிருக்கிறது. பூமணி அக்கா முகத்தைக்கூடத் திருப்பவில்லையாம்.

"ஆரயோ உள்ளுக்குப் பூட்டி வச்சிரிக்கமாம் அன்ரி. மூளை பிசகின ஆள் ஆரோ இரிக்காங்களாம். இண்டைக்குப் பின்னேரம் வாறாங்க. கதவைத் துறந்து காட்டினாத்தான் கலியாணமாம். அம்மா பூட்ட உடைக்க விடமாட்டா. நானும் உடைக்கச் சொல்லமாட்டன். அண்ணா வந்து கேட்டா நான் என்ன சொல்லுவன்?"

"தட்டுறது ஆரெண்டு நீ நினைக்கிறாய்?"

"கொடி அந்தக் கதவுக்குக் கீழால உள்ளுக்குப் போயிரிக்கி. அதுதான் உங்களுக்கு எடுத்தன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கொடியா இரிக்கோணும் எண்டு கும்பிட்டுக்கொண்டிரிக்கன்."

பாலத்தைக் கடக்கும்போதே கச்சான் தொடங்கிவிட்டது. மேற்கே வயல்களின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வாவியைத் தாண்டி வருகிற காற்று. தண்ணீர் தகரம் மாதிரி மினுங்கியது. பார்க்கக் கண் கூசியது.

கூடத்துக்குள் போனதும் நான் முதலில் கதவைப் பார்க்கவில்லை. செடிச் சாடியைப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைப் பிறகு பாருங்கள்.

சாடியில் மண் காய்ந்திருந்தது. காலையில்தான் ஊற்றியதாகத் தர்சினி சொன்னாள்.

"எவ்வளவு ஊத்துறாய்?"

"ஒரு வாளி. காலையில ஊத்தினா மத்தியானம் காஞ்சிரும்."

கொடியில் இந்தப் பக்கம் நாலு இலைதான் மிச்சம். வெற்றிலை அளவு. நாலு இலை ஒரு வாளித் தண்ணீரைக் குடிக்காது. வேறு யாரோ குடிக்கிறார்கள்.

சாடியிலிருந்து தண்டு சுவரோரமாகவே போனது. யன்னலின் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, தட்டில் இருந்த என் முளைகள் போலவே, வீட்டின் ஆக இருட்டான இடத்தைக் கண்டுபிடித்திருந்தது. கதவின் கீழ்மூலையைக் கறையான் தின்றிருந்தது. அந்தப் பொந்துக்குள் புகுந்திருந்தது தண்டு. பொந்துக்குக் கிட்ட அது தரையைத் தொடவேயில்லை. தூண்டில் கயிறு மாதிரி விறைத்து நின்றது. அந்தப் பக்கத்தில் பெரிதாக ஏதோ மாட்டிக்கொண்டிருக்கும்போது கயிறு எப்படி நிற்கும், அப்படி.

பூட்டிய அறை இருட்டு. இருட்டுக்குள் போன கொடி செத்திருக்க வேண்டும். இது சாகவில்லை, குடிக்கிறது. ஆகவே உள்ளே வெளிச்சம் இருக்கிறது. கூரையில் ஓடு விலகியிருக்க வேண்டும். ஏறுவதற்குப் பிடியும் இருக்கிறது. இதையெல்லாம் தரையில் முழங்கால் குத்தியபடி எண்ணிக்கொண்டிருந்தபோது, என் தலைக்கு நேர் மேலே கதவு தட்டப்பட்டது.

டொக். கொஞ்சம் பொறுத்து, டொக் டொக்.

பிள்ளைகளே, எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்தேன். அப்படியிருந்தும் "ஆரு?" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

நிமிர்ந்தேன். பூமணி அக்கா கதவுக்கு எதிரே ஒரு கதிரையில் இருந்தார். நான் வந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். சுவரோடு சுவராக இருந்ததில் நான் கவனிக்கவில்லை. வழக்கமான பகிடி ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை. தட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஆள் கதைப்பதைக் கேட்கிற முகம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ நின்றது. பெரியம்மா இன்னொரு பெண்ணையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் வாசலிலேயே நின்றார்.

"துறந்திட்டீங்களா?"

"திறப்பு என்ட மகன்ட கையில" என்றார் பூமணி அக்கா.

"மகன் எங்க?"

டொக், என்றது கதவு.

கூட வந்த பெண் ஒரு எட்டுப் பின்னுக்குப் போனாள். பெரியம்மாவின் குரல் நடுங்கியது; கோபத்தால் அல்ல. "நாங்களும் புள்ள பெத்த ஆக்கள்தானே. உள்ளுக்கு ஆரக் கட்டி வச்சிரிக்கீங்க? சொல்லுங்க. நோயாளி எண்டாலும் சொல்லுங்க, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம். இப்பிடிப் பூட்டி வைக்கிறது பாவம்."

தர்சினி என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் செய்யக்கூடியவை சில இருந்தன. பூட்டை உடைக்கலாம், சுத்தியல் ஒன்று போதும். கொடியை இழுத்து அறுக்கலாம், தட்டல் நிற்கும். ஆனால் ஏறிப் பிடித்த கொடியை ஒருநாளும் இழுக்கக்கூடாது என்பது உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம். அது பிடித்திருப்பதையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். வாயால் சொல்லலாம், பயந்த மனிதருக்கு வாய்ச்சொல் ஏறாது. எது செய்தாலும் அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்கும் ஒரேமாதிரி நல்லது நடக்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மகளுக்கு அந்தத் தட்டல் கொடியாக இருக்க வேண்டும். தாய்க்கு?

"இஞ்ச வந்து பாருங்க" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டேன். "கிட்ட வாங்க. பயப்பிட ஒண்டுமில்ல."

விறைத்து நின்ற தண்டை இரண்டு விரலால் பிடித்தேன். இழுக்கவில்லை, பிடித்தேன். காற்றின் ஆட்டம் தண்டு வழியாக என் விரலுக்குள் வந்தது. நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது. மெல்ல அழுத்தித் தரையோடு வைத்தேன்.

தட்டல் நின்றது.

வெளியே தென்னோலைகள் இரைந்துகொண்டிருந்தன. யன்னல் சீலை படபடத்தது. கதவில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

விரலை எடுத்தேன். டொக். மறுபடி அழுத்தினேன். இல்லை.

பெரியம்மா குனிந்து பொந்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பிறகு பெரிதாக மூச்சுவிட்டார். "அட, கொடியா? இந்தச் சனியனுக்கா நான் நித்திரையில்லாமக் கிடந்தன்?" சிரிக்கத் தொடங்கினார். கூடவந்த பெண்ணும் சிரித்தாள். தர்சினி சிரித்துக்கொண்டே அழுதாள். "தேத்தண்ணி போடு புள்ள" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார் பெரியம்மா. கலியாணம் அந்தக் கணத்தில் மறுபடி நிச்சயமாயிற்று.

என் விரல் இன்னும் தண்டின் மேல் இருந்தது. பூமணி அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு புள்ள" என்றார். சத்தமில்லாமல் சொன்னார். "கையை எடு."

எடுத்தேன். தட்டல் வரவில்லை. காற்று அந்நேரம் தணிந்திருக்க வேண்டும். குசினியில் கோப்பைகளின் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒரேயொரு தரம் தட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கலியாணத்துக்கு முந்திய வாரம் பூமணி அக்காவே எனக்குக் கோல் எடுத்தார்.

"வாகா புள்ள. துறப்பம். பூட்டுல கைவைக்காமத் துறக்க ஏலுமா, பார்."

ஏலும். கதவு கூடத்துப் பக்கம் திறக்கிற கதவு. கதவை நிலையோடு பிணைக்கிற பிணைச்சல்கள் எங்கள் பக்கம் இருந்தன. துருப்பிடித்த திருகாணிகளை எண்ணெய் விட்டுக் கழற்றினேன். பூமணி அக்கா கதவைத் தாங்கிப் பிடித்தார். ஆமைப்பூட்டு பூட்டியபடியே இருக்க, மறுபக்கத்தால், கொடி நசியாமல், கதவைக் கொஞ்சங்கொஞ்சமாக விலக்கினோம்.

பச்சை வெளிச்சம் வந்தது. அப்படித்தான் சொல்ல முடியும்.

கூரையில் ஓடு விலகிய இடத்தால் வெயில் இறங்கியது. கூரை வளையிலிருந்து சுதனின் கயிறு தொங்கியது. தடித்த தும்புக் கயிறு, நாங்கள் கம்பில் சுற்றுகிற அதே தும்பு. கொடி அதைப் பிடித்து ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் சுளகு அளவு. விளிம்பெல்லாம் கிழிந்து, நடுநரம்பின் இரு பக்கமும் வரிசையாக ஓட்டைகள். மழைநீர்க் கறை படிந்த கட்டிலின் மேலே, அந்த ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப்பொட்டாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. கயிறு ஆட இலைகளெல்லாம் சேர்ந்து எங்களைப் பார்த்துத் திரும்பின. சாடியில் இருக்கிற நாலு வெற்றிலைக்கும் இதற்கும் ஒரே வேர் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

தண்டிலிருந்து விரல் தடிப்பில் ஒரு வேர் நீண்டு, காய்ந்து கட்டையாகி, சரியாகக் கதவு இருந்த இடத்தை நோக்கி நின்றது. நுனி தேய்ந்து மினுங்கியது.

பூமணி அக்கா ஒரு இலையைத் தூக்கி அதன் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். "இந்தா உன்ட ஓட்டை" என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. "அக்கா, அண்டைக்கு நான் விரல வச்சுத் தட்டல நிப்பாட்டிக் காட்டியிருக்காட்டி..."

"என்ன, எனக்குத் தெரியாதெண்டா நினைச்சாய்? மொத நாளே தெரியும். என்ட மகன் ஒருநாளும் கதவத் தட்டினவன் இல்ல. காலால தள்ளிட்டு வாறவன்."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

அவர் கட்டிலில் விழுந்த பொட்டுகளைக் கையால் தடவிப்பார்த்தார். "தட்ட ஒரு ஆள் இரிக்கட்டுமே எண்டுதான்."

கதவைத் திரும்பப் பொருத்தினோம். பூட்டு அப்படியே இருக்கிறது. பிறகு வந்த மருமகன் நல்ல பொடியன். "அண்ணாட அறை அண்ணாவுக்கே இரிக்கட்டும்" என்று தர்சினி சொன்னதற்குச் சரி என்றான். விலகிய ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி ஓடு ஒன்று போட்டுவிட்டான்.

நான் அன்று கொடியின் தலையை, அந்தத் தேய்ந்த வேரோடு சேர்த்து வெட்டி எடுத்தேன். பூமணி அக்கா கேட்டது அதைத்தான். இதை நினைவில் வையுங்கள்: அடித்தண்டை வெட்டி நட்டால் அது மறுபடி பிள்ளை இலையிலிருந்து தொடங்கும். தலையை வெட்டி, உடனே பிடி கொடுத்தால், ஏறிய உயரத்தை மறக்காது. பெரிய இலையையே விடும். புதுத் தும்புக் கம்பில் கட்டி, பின்வளவின் சின்ன வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"எங்க வைக்க அக்கா?"

"வெளியில, கதவுக்குக் கிட்ட."

வைத்தேன்.

"இன்னும் கிட்ட."

அப்போதுதான் விளங்கியது. காற்றுவழி வேர்களையெல்லாம் கம்புக்குள் திருப்பிக் கட்டுவது நம் வழக்கம். எல்லாவற்றையும் கட்டினேன். கதவில் தட்டிய அந்த ஒரு வேரை மட்டும் கட்டாமல் விட்டேன். சாடியைத் திருப்பித் திருப்பி, மேற்கே வாவியைப் பார்த்து, கச்சான் எந்தப் பக்கத்தால் இலைகளில் மோதும் என்று பார்த்து, வேரின் நுனி கதவுப் பலகையைத் தொடும் தூரத்தில் வைத்தேன். என் தொழிலில் நான் இவ்வளவு கவனமாக வைத்த சாடி வேறொன்றும் இல்லை.

கதவோரம் செடி வைக்காதீர்கள், இலை உரசிக் கிழியும் என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். சரியான பாடம்தான். ஆனால் பராமரிப்புக்கென்று கல்லடிப் பக்கம் அனுப்பும்போது, பெரிய வீட்டின் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைக் காண்பீர்கள். அங்கே தண்ணீர் ஊற்றுங்கள். பழுத்த இலையை வெட்டுங்கள். சாடியை ஒரு விரல்கூட நகர்த்தாதீர்கள். அந்த வேரைக் கட்டாதீர்கள்.

அவர் தேத்தண்ணி தருவார், உள்ளே உட்கார்ந்து குடியுங்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும். ஓலைகூட அசையாத நாளிலும் தட்டும்; நான் இருந்தபோது ஒருமுறை தட்டியது. காரணம் தேட வேண்டாம். முந்திக்கொண்டு எழும்பவும் வேண்டாம். பூமணி அக்கா சீலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவார். அந்தக் கதவைத் திறப்பது அவருடைய வேலை.